தானே விழும் தாழ்ப்பாள்

ஆடி 1, வியாழன்

மாப்பிள்ளையும் சிந்துவும் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். கல்யாணமாகி இன்றோடு ஐம்பது நாள். தலை ஆடிக்கு மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். ஆக ஒரு மாதம் அவள் இங்கே. வசந்தாமணி விடிவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒப்புட்டு, வடை, பாயசம் எல்லாம் உண்டு. எனக்குச் சர்க்கரை இருப்பதால் பாதி ஒப்புட்டோடு நிறுத்திவிட்டாள். முப்பது வருஷமாக என் இலையை அவள்தான் அளக்கிறாள்.

மாப்பிள்ளை தரணிதரன் மரியாதை தெரிந்த பையன். தாராபுரத்தில் நூல் குடோன் வைத்திருக்கிறார். சாப்பிட்டதும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். தோட்டம் என்று சொன்னாலும் இப்போதைக்கு அது வீட்டுக்குப் பின்னால் நாற்பதுக்கு இருபத்தெட்டு அடி கட்டாந்தரையும் அதில் நான் நட்ட ஐந்து குச்சிகளும்தான். மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, பப்பாளி. சர்வேயராக முப்பத்தொரு வருஷம் ஊரான் நிலத்தை அளந்தேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் என் நிலத்தில் டேப்பைப் போட்டிருக்கிறேன்.

"எல்லாம் நீங்களே பண்றீங்ளா மாமா? ஆள் வெக்கலீங்ளா?"

"ஆள் வெச்சா அது ஆளோட தோட்டமுங்க மாப்ள."

சிரித்தார். சாமான் வைக்க ஒரு தகர அறை கட்டப் போகிறேன், அதன் வரைபடத்தைக் காட்டினேன். கதவுக்கு நானே யோசித்த தாழ்ப்பாள். கதவைத் தள்ளிவிட்டால் போதும், இரும்புப் பட்டை தானே கொக்கியில் விழுந்துவிடும். கை நிறையச் சாமானோடு வருகிறவன் தாழ் போட நிற்க வேண்டாம். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல ஐடியாங்க மாமா. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார். இந்த வீட்டில் என் ஐடியாவை ஒருவர் பாராட்டி எத்தனை நாளாயிற்று.

சிந்துவின் போனில் ஏதோ கோளாறாம். சரிபண்ணி வைப்பதாகச் சொல்லி மாப்பிள்ளை அதைக் கையோடு எடுத்துப் போனார். பேச வேண்டுமானால் என் போனில் கூப்பிடுவார்.

ஆடி 2, வெள்ளி

நடைபாதைக்குக் கயிறு கட்டினேன். இரண்டடி அகலம். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பக்கத்து லேஅவுட்டில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து மூன்று சாக்கு பொறுக்கி வந்திருக்கிறேன். குனிந்து அடுக்கியதில் முட்டி பிடித்துக்கொண்டது.

சிந்து கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டக்கலை படித்தவள், இரண்டு வருஷம் பொள்ளாச்சியில் ஒரு நர்சரியில் வேலை பார்த்தவள், ஆனால் ஒரு டைல்ஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. இளைத்திருக்கிறாள். அந்த வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "அங்க எப்பவும் கதவைச் சாத்தியே வெப்பாங்கப்பா" என்றாள். டவுனில் அதுதான் நல்லது, இங்கே உன் அம்மா மாதிரி அகலத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போவதில்லை பார் என்றேன்.

ஆனால் இங்கே வந்ததிலிருந்து இவள் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. படுக்கையறைக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. கொசு என்றால் கேட்பதில்லை.

ஆடி 5, திங்கள்

கல்யாணத்தன்று காலையில் நான் நட்ட ஒட்டு மாங்கன்று இரண்டு கிளை விட்டிருக்கிறது. மேலே இருப்பது கோணலாக, நான்கே இலையோடு சோர்ந்துபோய் நிற்கிறது. கீழேயிருந்து வந்தது நேராக, ஒன்றரை அடி. வீடியோவில் ஒருவர் சொன்னார், சோம்பேறிக் கிளைக்குச் சத்து போகக் கூடாது, தயவு பார்க்காமல் வெட்டு என்று. கத்திரியை எடுத்துக் கோணலை வெட்டினேன்.

"அப்பா" என்றாள் சிந்து.

"என்ன கண்ணு?"

"அப்பா, எதை வெட்டறீங்கன்னு பாத்து..."

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றேன். நேர்க்கிளையை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டினேன். தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நிற்கிறது.

ஆடி 6, செவ்வாய்

காற்று. வேலை இல்லை. கண்ணில் மண்.

ஆடி 8, வியாழன்

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்கிறார். ஒரு நிமிஷம் முன்னேபின்னே இல்லை. எனக்கு இந்த ஒழுங்கு பிடிக்கும். வீடியோவில்தான் பேசுவார். சிந்து எந்த அறையில் இருக்கிறாள், பக்கத்தில் யார், எல்லாம் சுற்றிக் காட்டச் சொல்வார். இன்று தோட்டத்தையும் காட்டச் சொன்னாராம். எவ்வளவு பிரியம் பாரேன் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வேகமாக ஊற்றினாள்.

சமையலறைத் தண்ணீர் பின்பக்கம் போகக் குழி வெட்டி, ஜல்லி போட்டு, இரண்டு வாழைக்கன்றும் கல்வாழையும் வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. வாழைதான் ஒரே சந்தோஷம், வைத்த மூன்றாம் நாளே குருத்து விடும். மற்றதெல்லாம் மனுஷனைக் காக்க வைத்துச் சாகடிக்கும்.

ஆடி 11, ஞாயிறு

பேஷன் ஃப்ரூட் கொடிக்காகப் போட்ட பந்தல் விழுந்தது. நாலு குழாய், கம்பி வலை, ஆறு நாள் வேலை. ஆடிக் காற்று ஒரே தள்ளு. உடுமலைப்பேட்டையில் மின்சாரக் காற்றாடி நட்டவனுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. சிந்துவும் நானும் வலையை மடித்து வைத்தோம். அவள் கையில் கம்பி கிழித்துவிட்டது. ரத்தம் வந்தும் ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

தகர அறை முடிந்தது. ஆறுக்கு ஐந்தடி. தாழ்ப்பாள் முதல் தடவையே சரியாக விழுந்தது. மாப்பிள்ளைக்கும் ஒன்று வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிவிட்டேன், பச்சை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். அவர் வரும்போது கொடுக்க வேண்டும்.

ஆடி 14, புதன்

மதியம் ஒரு சம்பவம். பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். சிந்து மண் அள்ளக் கரணை எடுத்துவருகிறேன் என்று தகர அறைக்குள் போனாள். அதற்குள் முன்பக்கம் தண்ணி லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். போய்த் தொட்டியில் அவன் குழாயைப் போட்டு, அது நிறைகிறவரை நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் காற்றைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வசந்தாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சிந்துவைக் காணோம். உள்ளே போய்ப் படுத்திருப்பாள் என்று பார்த்தேன், இல்லை.

காற்றில் கதவு சாத்தி, தாழ் விழுந்திருக்கிறது.

திறந்தேன். சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, கை இரண்டும் மடியில். அந்தத் தகரத்துக்குள் அடுப்பு மாதிரி சூடு. அவள் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. நான் கதவைத் திறந்ததும் எழுந்து வரவில்லை, நான் வா என்று சொல்கிறவரை உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏங்கண்ணு, ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே. தகரத்தத் தட்டறதுக்கென்ன?"

"கூப்பிட்டா இன்னும் நேரமாகுங்கப்பா" என்றாள்.

என்ன பதில் இது என்று புரியவில்லை. வெயிலில் கிறுகிறுத்திருக்கும். மோர் கலக்கிக் கொடுத்தேன். தாழ்ப்பாளில் குறை ஒன்றும் இல்லை, காற்றுக்குக்கூட வேலை செய்கிறது.

ஆடி 15, வியாழன்

வசந்தாமணி என்னோடு பேசவில்லை. காரணம் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்" என்றாள். மூன்று வேளையும் உப்புமா.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அமராவதிக்குப் போனோம். கூட்டம். பெண்கள் தாலிச்சரடு மாற்றினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் முக்கியமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். சிந்து மஞ்சள் சரடைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். வசந்தாமணி கட்டிவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, சரடை வாங்கித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். சாங்கியத்தில் இப்படி அரைகுறை செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் சண்டை போட முடியாது என்று விட்டேன்.

வீடு திரும்பியதும் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். ஆவணி ஒன்றாம் தேதி ஞாயிறு, நாள் நன்றாக இருக்கிறது, காலை பத்து மணிக்கு வந்து அழைத்துப் போகிறோம் என்றார்கள். சரிங்க என்றேன். சிந்துவிடம் சொன்னேன். சித்ரான்னத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். எலுமிச்சைச் சாதம் கொஞ்சம் கசந்துதான் இருந்தது.

ஆடி 22, வியாழன்

மாங்கன்று கிடுகிடுவென்று வளர்கிறது. சிந்துவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் குனிந்து அடித்தண்டைத் தொட்டாள். ஒரு இடத்தில் வளையம் மாதிரித் தடித்திருந்தது.

"இதுதானுங்கப்பா ஒட்டுக் கட்டுன இடம். இதுக்கு மேல இருக்கறதுதான் நீங்க கேட்டு வாங்குன இமாம்பசந்து. அதை நீங்க வெட்டிட்டீங்க. கீழருந்து வர்றது வேர்ச்செடி, ஏதோ கொட்டையில முளைச்சது. என்ன காய் வரும்னு யாருக்கும் தெரியாது."

பதினேழு நாளாக அந்த வேர்ச்செடிக்குக் கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றியிருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"சொன்னேனுங்கப்பா. எனக்குத் தெரியும்னீங்க."

குரலில் கோபம் இல்லை. மழைக்காலத்தில் இதன்மேல் மறுபடி ஒட்டுக் கட்டலாம், நல்ல குச்சி கிடைத்தால் போதும் என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை என்று எனக்கு நிச்சயம். அதனால் இந்த நோட்டைப் புரட்டி ஐந்தாம் தேதியைப் பார்த்தேன். என் கையெழுத்தில் அப்படியேதான் இருக்கிறது. அவள் சொன்னது, நான் சொன்னது, எல்லாம். பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டாம் தேதி கதவைப் பற்றி எழுதியிருக்கிறேன். பதினாலாம் தேதி அவள் சொன்ன பதிலை எழுதியிருக்கிறேன். நோட்டை மூடிவிட்டேன். மாமரத்துக்கு என்ன வழி என்று மட்டும் யோசிப்பதாக முடிவு செய்தேன்.

ஆடி 23, வெள்ளி

வசந்தாமணி இன்று வாயைத் திறந்தாள். நான் கொய்யாவுக்குக் காய்ந்த இலை பரப்பிக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் நின்றாள்.

"ஏனுங், நான் சொல்றதச் சித்த கேளுங்க. அங்க அவளை ரூமுக்குள்ள வெச்சு வெளிய தாழ் போடறாங்க. மாப்பிள்ள குடோனுக்குப் போனா, வர்ற வரைக்கும்."

"பத்திரத்துக்காகப் பண்ணுவாங்க."

"யாருக்குப் பத்திரம்?"

புதுக் கல்யாணம், இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள நாளாகும், சம்பந்தியம்மாவிடம் பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றேன். எங்கள் கல்யாணத்தின்போது என் அம்மா இவளைப் படுத்தாத பாடா என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"உங்கம்மா என்னத் திட்டுனாங்க. தாழ் போடலை."

மீதி இலையை அவளே பரப்பினாள்.

ஆடி 25, ஞாயிறு

வேலையில் மனசு போகவில்லை. வரப்புத் தகராறுக்கு அளக்கப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கத்துவார்கள். நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். சங்கிலியைப் போடுவேன், கல்லை நடுவேன், ஜீப்பில் ஏறிவிடுவேன். சர்வேயர் நாச்சிமுத்து சண்டைக்குள் தலையிட மாட்டார் என்று எனக்கு நல்ல பெயர். களைத்துப்போய் வீடு வந்தால் அங்கேயும் யாரும் சண்டை போடக் கூடாது. அப்படித்தான் இந்த வீட்டை நடத்தியிருக்கிறேன்.

ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் போன் வந்தது. சிந்து போனைக் கையில் வாங்குவதற்கு முன் முந்தானையைச் சரிசெய்து, முகம் துடைத்து, சுவரை ஒட்டி நின்றுகொண்டாள். இதைத் தினமும் செய்திருப்பாள். இன்றுதான் பார்த்தேன்.

ஆடி 28, புதன்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அளந்ததை எழுதாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

காலை பதினொன்றரைக்கு வசந்தாமணியைக் கூப்பிட்டேன். "நான் தகர ரூமுக்குள்ள உக்காந்துக்கறேன். நீ கதவைத் தள்ளிவிட்டுரு. சரியா ஒரு மணி நேரம் கழிச்சுத் திற. நான் தட்டுனாலும் தொறக்காத" என்றேன். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும், இவர்கள் பெரிதுபண்ணுகிறார்கள், அதை நிரூபித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரிங் என்றாள். தாழ் விழுந்தது. உள்ளேயிருந்து கேட்டால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்தேன். பிறகு சட்டையைக் கழற்றினேன். இருபது நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொண்டுவந்திருக்கலாம், தோன்றவில்லை. எனக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போயாக வேண்டும். முப்பத்திரண்டாவது நிமிஷம் தட்டினேன்.

செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் புடவை தகரத்தில் உரசியதுகூடக் கேட்டது. வசந்தாமணி என்றேன். பேசவில்லை. போதும், திற என்றேன். நிற்கிறாள், மூச்சு விடுவது கேட்கிறது, திறக்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவள். திறக்காதே என்று நான்தான் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது, அதற்குப் பின்னால் பயம் வந்தது, அதற்கும் பின்னால் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச, இவள் இனி எப்போதும் திறக்கப்போவதில்லை என்று தோன்றியது. கூப்பிடாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

நாற்பத்தொன்பதாவது நிமிஷம் வேட்டி நனைந்துபோயிற்று. அறுபத்தோரு வயசு எனக்கு.

சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாள். பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள், கொடுத்தாள்.

"ஒருநா அவ காலைல பத்துலருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருந்திருக்கறாளுங்க" என்றாள்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து அழுதேன். என் பெண்ணை நினைத்து அழுதேன் என்று எழுத ஆசை. முதலில் எனக்காகத்தான் அழுதேன். அவள் நினைப்பு பிறகுதான் வந்தது, வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

ஆடி 29, வியாழன்

சிந்துவிடம் கேட்டேன். பாத்தி ஓரமாக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை இடையில் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாடியில் துணி காயப்போடப் போனாளாம். பக்கத்து மாடியில் இருந்தவர் எந்த ஊரு என்று கேட்டாராம், சொன்னாளாம். அன்றுதான் முதல் தடவை தாழ் விழுந்ததாம். அப்புறம் குழம்பில் உப்பு கூடினால் ஒரு மணி நேரம், போனை உடனே எடுக்காவிட்டால் இரண்டு மணி நேரம். கதவைத் தட்டினால் தட்டியதற்குத் தனியாக ஒரு மணி நேரம். மாமியாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர்கள்தான் மணி பார்ப்பார்கள் என்றாள். அடிக்கவே மாட்டாராம். அதைச் சொல்லும்போது மாப்பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"மறுவீட்டுக்கு வந்தப்பவே உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேனுங்கப்பா. நீங்க கரண்ட் பில்லு கட்டப் போய்ட்டீங்க."

"இப்ப என்ன பண்ணலாங் கண்ணு?"

"நீங்க சொல்றதுதானுங்கப்பா."

பார்க்கலாம் என்றேன். போகாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் நின்று பேச எனக்கு நாக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. சொல்லி ஏமாற்றுவதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தேன். இது சரியா என்று தெரியவில்லை.

பச்சை பெயின்ட் அடித்த தாழ்ப்பாளைச் சம்மட்டியால் அடித்து நசுக்கினேன். தகர அறையில் இருந்ததையும் கழற்றினேன். கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.

ஆடி 31, சனி

நாள் பூராவும் டைல்ஸ் பதித்தேன். நடைபாதை முடிந்தது. கோணலாக இருக்கிறது, பிரித்துப்போடத் தெம்பில்லை.

சிந்து பெட்டி கட்டிவிட்டாள். கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. மூன்று தடவை தாண்டினேன், மூன்று தடவையும் எதுவும் சொல்லவில்லை. வசந்தாமணி என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சம்பந்தி வீட்டுக்கு எழுதுகிற மனு மாதிரி இருந்தது, கிழித்துப்போட்டேன்.

ஆவணி 1, ஞாயிறு

பத்து மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை, சம்பந்தியம்மா. தட்டில் பழம், பூ, ஒரு புதுச் சேலை. கூடத்தில் உட்கார்ந்தார்கள். வசந்தாமணி சமையலறை வாசலில் நின்றாள். சிந்து பட்டுச்சேலை கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். காப்பி குடித்து முடிக்கிற வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்பறம் கெளம்பலாங்ளாண்ணா? பன்னெண்டுக்கு மேல ராகுகாலம் பாத்துக்கிட்டிருக்க வேண்டாமே" என்றார் சம்பந்தியம்மா. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. அதைத் திருத்தலாம் என்று முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. அந்த நேரத்திலும் சின்ன விஷயத்தைத் தேடி ஓடுகிறது.

"பொண்ண அனுப்பறதா இல்லீங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "மாமா, அவ ஏதாச்சும் சொல்லியிருப்பா. அவளுக்கு வெவரம் பத்தாதுங்க. யாருகிட்டப் பேசோணும், பேசக் கூடாதுன்னு தெரியாது. பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

"நான் ஒரு மணி நேரம் இருந்து பாத்தேனுங்க மாப்ள. என்னால முடியலை."

"எங்கீங்க மாமா?"

"உள்ள. வெளிய தாழ் போட்டுட்டு."

அவருக்கு அது புரிந்தது. முகத்தில் தெரிந்தது. சம்பந்தியம்மா, ஊரில் என்ன பேசுவார்கள் தெரியுமா, ஐம்பது நாளில் பெண்ணைக் கூட்டிக்கொண்டவன் என்று உங்கள் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள் என்றார். பேசட்டுங்க என்றேன். எழுந்து பழத்தட்டை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்தேன். வசந்தாமணி வந்து பக்கத்தில் நின்றாள். சிந்துவின் போனைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் சரிபண்ணி முடியவில்லை என்றார் மாப்பிள்ளை. கார் போயிற்று.

அதற்குள் நாலு சொந்தக்காரர்கள் போன் செய்துவிட்டார்கள். என் அண்ணன் கத்தினார். பதில் சொல்லத் தெம்பில்லாமல் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். இனி பஞ்சாயத்து, வக்கீல் என்று எத்தனை நாள் இழுக்குமோ. இந்த மாதிரி அசதி எனக்கு வேலையில் இருந்தபோதுகூட வந்ததில்லை.

சாயங்காலம் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைக்கலாம் என்று வசந்தாமணி கூப்பிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மேலே மூன்று சேலை. அதற்கு அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, நிரப்பி வைத்தவை. பிஸ்கட் பாக்கெட் ஆறு. ஒரு கைவிசிறி. எல்லாவற்றுக்கும் அடியில், மண்புழு உரத்துக்காக நான் வாங்கியிருந்த மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் வாளி. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே பழைய துணி மடித்து வைத்திருந்தாள்.

வசந்தாமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீங்க போகச் சொன்னாப் போகோணுமில்லீங்ளாப்பா" என்றாள். "அதுக்குத்தான் எடுத்து வெச்சேன்."